சல்லடை முகத்தில் பித்தளைத் தகடு

போன வாரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு செல்போன் கடையின் பழைய பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். வருடக்கணக்காக வெயில் குடித்த பலகை. அதன் முதுகில் இருந்த இரட்டைப் பக்க டேப்பின் பசை இளகி, நூல் நூலாக இழுபட்டுக் காற்றில் ஆடியது. கருகிய வெல்லத்தில் மண்ணெண்ணெய் சிந்தியது போல ஒரு வாசனை. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல், எதற்கு என்று தெரியுமுன்பே வந்துவிட்டது. காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு நடைபாதையில் நின்றேன். அதற்குப் பிறகுதான் நினைவு வந்து சேர்ந்தது: முப்பது கணினிகள், முப்பது பித்தளைத் தகடுகள், செல்வராணி.

பள்ளிகளுக்குக் கணினி வாங்குமுன் மாதிரிகளைப் பார்த்து மதிப்பெண் போடும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்றீர்கள். நான் ஐம்பத்திரண்டு வயதில் வேலையை விட்டவள். ஓய்வு பெற்றவள் என்று சொன்னால் பேருந்தில் யாரும் எழுந்து இடம் தருவதில்லை. அந்த அளவுக்குத்தான் என் மூப்பு. அதனால் அறிவுரையாக எதுவும் சொல்ல வரவில்லை. நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். சூடு இன்னும் ஆறாததால் கொஞ்சம் சத்தமாகச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் தரப்படும் மதிப்பீட்டுப் படிவத்தைப் பாருங்கள். பிராசசருக்கு ஒரு பத்தி, மெமரிக்கு ஒரு பத்தி, உத்தரவாதத்துக்கு அரைப் பக்கம். கடைசியில், கையெழுத்துக்குச் சற்று மேலே, ஒட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை வரி: 'வெளித்தோற்றம் – 5 மதிப்பெண்'. அந்த வரிக்கு வரும்போது டீ வந்துவிடும். எல்லாருக்கும் இடுப்பு வலிக்க ஆரம்பித்திருக்கும். "பாக்க நல்லாத்தான் இருக்கு, போடுங்க அஞ்சு" என்று யாராவது சொல்வார்கள். போட்டுவிடுவோம்.

பெட்டிதானே என்கிறார்கள். கடைக்காரர்கள் அதைக் கேபினெட் என்பார்கள், மற்றவர்கள் எல்லாரும் சிபியு என்பார்கள், யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் பார்த்திருக்கிறேன். பெட்டிக்குக் கால் அரை அங்குலம்தான் என்றால், வெள்ளிக்கிழமை வகுப்பறையைக் கழுவும்போது வாளித் தண்ணீர் நேராக வயிற்றுக்குள் போகும். பென்டிரைவ் செருகும் துளை அடியில் இருந்தால், மேசைக்குக் கீழே ஆடும் கால்கள் அதை ஒரே பருவத்தில் உடைக்கும். அணைக்கும் பொத்தான் தலையில் இருந்தால், அங்கே ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கப்படும், பாதி எழுதிய பாடம் காணாமல் போகும். பின்பக்கத் துளையை மூடும் பட்டை ஒன்று கழன்று கிடந்தால் பல்லி குடியேறும். கறுப்புப் பளபளப்பில் கைரேகை விழுகிறது என்று ஆசிரியை துண்டு போட்டு மூடுவார்; துண்டுக்குள் இயந்திரம் வேகும். இந்த மாவட்டத்தின் செம்மண் புழுதிக்கு எந்த இடுக்கும் வாசல்தான். பெட்டியின் வெளிப்புறத்தில்தான் இயந்திரம் நம்மைச் சந்திக்கிறது: நம் விரலை, காலை, தண்ணீரை, தூசியை, ஆசையை. முக்கியமாக ஆசையை. அதற்குப் போய் ஐந்து மதிப்பெண்.

திருமயம் பக்கத்து வணிகக் குடும்பம் ஒன்று. பிள்ளைகள் எல்லாரும் வெளியூரில், வெளிநாட்டில். அவர்களுடைய அறக்கட்டளை, அரிமளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் சொந்த ஊர்ப் பள்ளிக்கு முப்பது கணினிகள் கொடுக்க முடிவெடுத்தது. பெட்டிகளைப் பார்த்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில், ஒரு நகைக்கடையின் மாடியில் அலுவலகம். ஏசி அப்படி இரைந்தது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பள்ளியில் மின்விசிறியே இரண்டுதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தக் குளிரில் உட்கார்ந்து மதிப்பெண் போட்டேன். என் முதல் குற்றம் அது. இன்னொன்று பின்னால் வருகிறது.

மூன்று மாதிரிகள் மேசை மேல் நின்றன. டிரஸ்டி அந்தக் குடும்பத்தின் மூத்தவர், எழுபதைத் தொட்டவர், வெள்ளை வேட்டி, தோளில் மடிப்புக் கலையாத துண்டு. நான் இரண்டாவது பெட்டியின் மேல் கை வைத்தேன். முன்பக்கம் முழுக்கச் சல்லடை போட்ட இரும்பு. அழகு கிடையாது.

"இதென்னம்மா, கோழிக்கூண்டு மாதிரி இருக்கு?" என்றார் டிரஸ்டி. "மொதப் பெட்டியப் பாருங்க. பளபளன்னு மாப்பிள்ளை கணக்கா நிக்குது."

"மாப்பிள்ளைக்கு மூக்கு இல்லீங்க."

"என்னது?"

"முன்பக்கம் காத்து உள்ள போக வழியே இல்லீங்க. பங்குனி வெயில்ல முப்பது மெசினும் ஒரே ரூம்புல ஓடணும். மூச்சு விட வேணாமா?"

அவர் சிரித்துவிட்டார். திருச்சியிலிருந்து வந்திருந்த சப்ளையரும், டிரஸ்டி சிரித்ததைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சரிம்மா, மூக்கு உள்ள மாப்பிள்ளையவே முடிச்சிருவோம்."

ஜெயித்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து டீ வந்தது. டம்ளரின் சூட்டை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தபோது டிரஸ்டி பெட்டியைத் தன் பக்கம் திருப்பினார்.

"ஒண்ணே ஒண்ணு. இங்கிட்டு, முன்னால, அப்பச்சி பேரும் ஆத்தா பேரும் வரணும். உபயம்னு போட்டு, பித்தளையில."

சப்ளையர் உடனே அளவுகோலை எடுத்துச் சல்லடை மேல் வைத்தார். முதலில் உள்ளங்கை அகலம். தகப்பனார் பெயருக்கு முன்னால் அவர் வகித்த பொறுப்புகள் சேர்ந்தன. தாயார் பெயர் வந்தது. பிறகு மகன்கள், மகன்களின் பட்டங்கள். பட்டங்களுக்கு இடம் போதாமல் தகடு கீழே இறங்கியது, பக்கவாட்டில் பரந்தது. சல்லடையில் கடைசியாக மிஞ்சியது சுற்றிலும் ஒரு விரல் அகலம்.

"பக்கவாட்டுல ஒட்டலாமேங்க" என்றேன்.

"பக்கத்துல ஒட்டுனா செவத்தப் பாத்துல்ல இருக்கும்? செவத்துக்கா நான் பேரு போடுறேன்?"

"காத்து அடைக்குமேன்னு..."

"ஏம்மா, கோயிலுக்கு டியூப் லைட்டு குடுக்குறோம், அதுல பேரு எழுதித்தானே குடுக்குறோம். வெளிச்சம் வராமயா போச்சு?"

'ஆமாங்க, வரல' என்ற பதில் நாக்கு நுனிவரை வந்து நின்றது. பெயருக்குப் பின்னால் வெளிச்சம் முக்கிக்கொண்டு நிற்கும் எத்தனை குழல்விளக்குகளின் கீழே நான் நின்றிருக்கிறேன். சொல்லியிருக்கலாம். அப்போது அவர் குரலைத் தாழ்த்தி, "எங்க ஆத்தாளுக்குத் தன் பேர எழுதத் தெரியாதும்மா. அவ பேரு ஒரு பள்ளிக்கூடத்துல இருக்கணும்" என்றார்.

அவர் நடிக்கவில்லை. அதுதான் என்னை மடக்கியது. ஒரு சண்டையில் ஜெயித்த மயக்கத்தில் இருந்தேன். அடுத்ததையும் பிடித்து இழுத்தால் பிடிவாதக்காரி என்பார்களோ என்ற கூச்சம் வேறு. 5/5 என்று எழுதி, பக்கத்தில் 'மிக நன்று' என்று சேர்த்து, தொலைபேசி எண்ணும் போட்டுக் கையெழுத்திட்டேன். 'மிக' என்ற சொல்லை யாரும் கேட்கவில்லை. நானாகப் போட்டேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு என் விரல்களின் மேல் வெறுப்பு வருகிறது.

புதியவர்களே, முதல் வாதத்தில் உங்களுக்கு வழிவிடுகிறவரைக் கவனியுங்கள். இரண்டாவது வாதம் அவருக்கு அதைவிட முக்கியமாக இருக்கும். அங்கே கூச்சப்படாதீர்கள். உங்கள் கூச்சத்தின் சூட்டை வேறு யாரோ ஒருவர் தாங்க வேண்டிவரும்.

அந்த வேறு யாரோ மறுவருடம் ஒருநாள் காலையில் போனில் வந்தாள்.

"மேடம், நான் செல்வராணி. பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் சொல்லிக்குடுக்க டிரஸ்ட்ல போட்டுருக்காங்கள்ல, அந்தப் பொண்ணு. ஒங்க நம்பர் செவத்துல மாட்டியிருக்கிற பேப்பர்ல இருந்துச்சு. இன்னைக்குப் பிராக்டிகல் பரீட்சை. ஒண்ணொண்ணா எல்லாம் அணைஞ்சிருச்சு. திருப்பிப் போட்டா பத்து நிமிசத்துல மறுபடி அணையுது. பிள்ளைக அழுகுதுக."

"ஒண்ணுகூட ஓடலையா?"

"எம் மேசையில இருக்கிறது மட்டும் ஓடுது. ஏன்னு சொன்னா எனக்குப் பிரச்சினையாயிரும் மேடம். நீங்களே வந்து பாருங்க."

நான் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அந்த அறையின் வாசலிலேயே வாசனை அடித்தது. பசை. தகடுகளின் ஓரத்தில் பழுப்பாக வழிந்து, சல்லடைத் துளைகளுக்குள் இறங்கி, செம்புழுதியைப் பிடித்துக் களிம்பாகியிருந்தது. முப்பது பெட்டிகளில் இருபத்தொன்பதின் முகத்தில் பித்தளை மின்னியது. அழகாகத்தான் இருந்தது, அந்தப் பாழாய்ப்போன அழகு. சுவரில், திறப்பு விழாப் படத்துக்குப் பக்கத்தில், என் மதிப்பீட்டுப் படிவத்தை லேமினேட் செய்து மாட்டியிருந்தார்கள். 'மிக நன்று'.

டிரஸ்டி எனக்கு முன்பே வந்திருந்தார். தலைமையாசிரியை தகவல் சொல்லி, காரில் வந்திருக்கிறார். செல்வராணியின் மேசையருகே நின்றார். அங்கே இருந்த பெட்டியில் மட்டும் தகடு இல்லை. அது ஓடிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களாம்மா?" என்றார் என்னிடம். "எங்க அப்பச்சி பேரப் பிச்சுப் போட்டிருக்கு இந்தப் பொண்ணு."

"போடலைங்கய்யா" என்றாள் செல்வராணி. இருபத்தெட்டு வயதிருக்கும். நெற்றியில் வியர்வை, கையில் தேர்வுப் பதிவேடு. "துணியில சுத்தி டிராயர்ல பத்திரமா வச்சிருக்கேன்."

"ஒன்னைய யாரு தொடச் சொன்னது?"

"அணைஞ்சு அணைஞ்சு போச்சுங்கய்யா. கைய வச்சுப் பாத்தேன், தோசைக்கல்லு மாதிரி சுட்டுச்சு. ஒண்ணை மட்டும் எடுத்துப் பாப்போம்னு எடுத்தேன். அதுலேருந்து அது ஒருநாளும் அணையல. எல்லாத்தையும் பக்கவாட்டுல மாத்தி ஒட்டிக்கிறட்டுமான்னு ஒங்க ஆபீசுக்கு மூணு லெட்டர் போட்டேன். பதிலே இல்லைங்க."

டிரஸ்டி சுவரைக் காட்டினார். "மேடம் அஞ்சுக்கு அஞ்சு போட்டுருக்காங்க. பெட்டியில கோளாறு கெடையாது. வச்சுப் பாக்குற ஆள்லதான் கோளாறு. நாளையிலேருந்து நீ வரவேணாம்."

என் கையெழுத்தைக் கொண்டே ஒருத்தியின் வேலையை அறுத்தார். என் கண் முன்னால். கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் வாசலில் இரண்டு வகுப்புப் பிள்ளைகள் நின்றார்கள்; தேர்வு நடத்த வெளியிலிருந்து வந்திருந்த ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்து, "அரை மணி நேரம் தாரேன் மேடம். அதுக்கு மேல போனா நான் ரிப்போர்ட் எழுதணும்" என்றார்.

அரை மணி நேரம். பெட்டிகளின் பக்கக் கதவைக் கழற்றி வைக்கலாம். ஆனால் சுழலும் விசிறிக்கும் மின்கம்பிக்கும் பக்கத்தில் பிள்ளைகளின் கை இருக்கும், முடியாது. தேர்வைத் தள்ளிவைக்கச் சொல்லலாம். ரிப்போர்ட்டில் செல்வராணியின் பெயர்தான் ஏறும். டிரஸ்டியிடம் அனுமதி கேட்கலாம். கேட்டால் பேச்சு வளரும், நேரம் போகும், மறுபடியும் அவர் தாழ்ந்த குரலில் தாயைப் பற்றிச் சொல்வார், நான் மறுபடியும் மடங்குவேன். என்னை எனக்குத் தெரியும்.

மேசை மேல் ஒரு ஸ்டீல் ஸ்கேல் இருந்தது. எடுத்தேன்.

"நானும் பிக்கிறேன் மேடம், வெரசா முடிஞ்சிரும்" என்று செல்வராணி ஓடி வந்தாள்.

"நீ அங்கிட்டே நில்லு. இதுல ஒன் கை படக்கூடாது."

முதல் தகட்டின் விளிம்பில் ஸ்கேலைச் செருகி நெம்பினேன். பசை நீண்டு, அறுந்தது. டிரஸ்டி பதறினார். "என்னம்மா பண்றீங்க நீங்க?"

"அஞ்சு போட்டது தப்புங்க. அழிச்சுக்கிட்டிருக்கேன்."

"அது எங்க ஆத்தா பேரும்மா!"

"தெரியும்ங்க. அந்தப் பேரு மேல ஒருதரம் கைய வச்சுப் பாருங்க."

அவர் அடுத்த பெட்டியில், தாயாரின் பெயர் பொறித்த இடத்தில், உள்ளங்கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார். நான் ஒவ்வொன்றாக நெம்பி எடுக்க எடுக்க, அவர் பின்னாலேயே வந்து தகடுகளை வாங்கிக்கொண்டார். மடிப்புக் கலையாத அந்தத் துண்டால் ஒவ்வொன்றின் முகத்தையும் துடைத்து, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, வெளியே பெஞ்சில் போய் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கோபத்தின் நடுவிலும் எனக்கு இரக்கம் வந்தது. அந்த இரக்கத்தை நான் நம்பவில்லை. அதே இரக்கத்தில்தான் முந்தைய வருடம் 'மிக' என்று எழுதினேன்.

இருபத்தொன்பதாவது தகடு கழன்றபோது என் இரண்டு கட்டை விரல்களும் கொப்பளித்திருந்தன. துளைகளில் அப்பியிருந்ததைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் முடிந்தவரை தேய்த்தேன். இயந்திரங்களைப் போட்டோம். பத்து நிமிடம் நின்றோம். ஒன்றும் அணையவில்லை. பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். முப்பது விசிறிகளும் ஒரே சீராக மூச்சு விட்டதை, நான் இந்தத் தொழிலில் கேட்ட எந்தச் சங்கீதத்துக்கும் மேலாக வைத்திருக்கிறேன்.

இங்கே முடிந்திருந்தால் நான் கோபப்பட என்ன இருக்கிறது?

அடுத்த வாரம் கீழ ராஜ வீதி மாடிக்குக் கூப்பிட்டார்கள். ஏற்கெனவே எழுதி வைத்திருந்த கடிதத்தோடு போனேன். மதிப்பீடு தவறு, பொறுப்பு என்னுடையது, செல்வராணி செய்தது சரி, அவளை நீக்கக் கூடாது, சுவரில் மாட்டியிருக்கும் படிவத்தை இறக்குங்கள். வாசித்தே காட்டினேன். அறக்கட்டளைக்காரர்கள் ஆறு பேர் அமைதியாகக் கேட்டார்கள். டிரஸ்டி எழுந்து கைகூப்பினார்.

"எவ்வளவு பெரிய மனசும்மா ஒங்களுக்கு! ஒரு பொண்ணுக்காகப் பழிய ஒங்க தலையில போட்டுக்கிறீங்களே."

"பழி இல்லீங்க. உண்மை."

"அதத்தாம்மா சொல்றேன், பெரிய மனசுன்னு."

எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். என் ஒப்புதலை அப்படியே அலங்காரமாக்கித் தோளில் போட்டார்கள். ஒருவர் செல்போனில் படம் எடுத்தார்.

"செல்வராணி?" என்றேன்.

"அது வேறம்மா. அனுமதி இல்லாமக் கை வச்சது கை வச்சதுதானே? ஒங்களுக்கு அனுமதி இருக்கு."

"எனக்கு யாரு குடுத்தா?"

"நான்தான் பக்கத்துலயே நின்னேனே!"

எல்லாரும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவரையாவது தாயின் பெயர் ஆட்டிவைத்தது. மற்ற ஐந்து பேரை எது ஆட்டிவைத்தது? பொன்னாடையை மடித்து மேசை மேலேயே வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் அது கூரியரில் வீடு தேடி வந்தது. தகடுகள், பட்டங்களையெல்லாம் இழந்து உள்ளங்கை அளவுக்குச் சுருங்கி, பெட்டிகளின் பக்கவாட்டில் ஏறின. இயந்திரங்கள் பிழைத்தன. தலைமையாசிரியையிடம் இரண்டு முறை போய்ப் பேசினேன். டிரஸ்ட் போட்ட ஆள், டிரஸ்ட் எடுத்துவிட்டது, நான் என்ன செய்ய என்றார். செல்வராணியின் வேலை திரும்பி வரவில்லை.

நம் வேலையின் கொடுமை இது. நாம் தப்பாகப் போடும் எண்ணுக்கு நம்மை யாரும் தண்டிப்பதில்லை. தண்டனை வரிசையில் கீழே இறங்கிப்போய், அந்தப் பெட்டியின் முன்னால் தினமும் உட்காருகிறவரிடம் நிற்கிறது. அவருக்குப் படிவத்தில் கையெழுத்துப் போட இடம் கிடையாது. அடுத்த மாதிரியை மதிப்பிடப் போகும்போது அந்த அறையில், அந்த வெயிலில், அவரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு மதிப்பிடுங்கள். முடியாது என்றால் எண்ணைப் போடாமல் காலியாக விடுங்கள். கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

செல்வராணி கிளம்புகிற அன்று அரிமளம் பேருந்து நிறுத்தத்துக்குப் போனேன். திருச்சியில் ஒரு அச்சகத்தில் வடிவமைப்பு வேலை கிடைத்திருந்தது. ஒரு பை, ஒரு வாளி, சுருட்டிய பாய். நான் ஏதேதோ பேசினேன்: இன்னொரு கடிதம் எழுதுகிறேன், யாரையாவது பார்க்கிறேன், இதை இப்படியே விடப்போவதில்லை. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"எழுதுங்க மேடம். எனக்காக வேணாம், அடுத்து அங்க வர்ற பிள்ளைக்காக எழுதுங்க."

"எம் மேல கோவமா?"

"இருக்கு" என்றாள், நேராகப் பார்த்து. "இல்லைன்னு சொன்னா நீங்க நிம்மதியாப் போயிருவீங்க. அது நல்லதில்ல."

பேருந்து புழுதியோடு வந்து நின்றது. வாளியை நான் தூக்கிக் கொடுத்தேன். அவள் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"நான் பிச்சது ஒண்ணு, வேல போச்சு. நீங்க பிச்சது இருபத்தொம்பது, பொன்னாடை போட்டாக. தப்பு யாரு பண்ணா, பரீட்சைய யாரு காப்பாத்துனாங்கிறதெல்லாம் விடுங்க மேடம். இத ரெண்டையும் அங்க நின்ன பிள்ளைக பாத்துச்சுக. அதுகளுக்குப் போயி என்ன சொல்லுவீகன்னு யோசிச்சு வைங்க. வாரேன்."